பைலட்டின் கீழ் இடது மூலை

அந்த இரும்புக் கிடங்கில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பைலட் என்றால்தான் தெரியும். விமானத்தில் பயணியாகக்கூட ஏறாத மனுஷருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்றால், அதற்கு இரண்டு காரணம். கிடங்கின் கூரைக்கடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனின் கண்ணாடிக் கூண்டில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர் அவர். இன்னொரு காரணம், கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளிச் சண்டை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கூண்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி. ஏறி உட்கார்ந்தால் காலுக்கடியிலும் கண்ணாடி. இடது கையில் ஒரு லீவர், அது கிரேனை ஓட்ட. வலது கையில் ஒரு லீவர், அது மஞ்சள் பெயிண்ட் அடித்த கொக்கியை ஏற்றி இறக்க. வலது காலுக்கடியில் ஹார்ன். கீழே ஆள் உயரத்துக்குச் சுருட்டிய இரும்புத் தகடுகள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு சுருளும் எட்டு டன், பத்து டன். அதைத் தூக்கி நகர்த்தி லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சுருளையும் இடித்ததில்லை, ஒரு ஆள் மேலும் கொக்கி பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. கேட்டவர்களிடம் சொல்லுவார். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மூடி மூடி வைத்து வேடிக்கை காட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஐம்பது வயது முடியப்போகிற வருஷம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு தலைவலி வந்தது. மாத்திரை போட்டார். மத்தியானத்துக்குள் போய்விட்டது. சும்மா போகவில்லை. அவர் பார்வையின் கீழ் இடது மூலையை அப்படியே கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூளையில் எங்கோ ஒரு மெல்லிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இடம் செத்துப்போயிருந்தது.

அங்கே இருட்டாகத் தெரிந்திருந்தால் மனுஷர் பதறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார். இருட்டு எங்கே தெரிந்தது? மூளை பொல்லாதது. ஓட்டை விழுந்த இடத்தில் பக்கத்திலிருக்கிற நிறத்தை எடுத்துப் பூசி மூடிவிடும். சுவர் இருந்தால் சுவரைப் பூசும், தரை இருந்தால் தரையைப் பூசும். அந்தத் தரையில் நிற்கிற ஆளை மட்டும் காட்டாது. இது அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. கிரேனுக்குக் கீழே நாள் முழுக்கக் கை காட்டிக்கொண்டு நடக்கிறவனோ, அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பைலட்டுக்கும் அந்த மைத்துனனுக்கும் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலேயே உண்டு. அவர்கள் இருந்த தெருவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியது மைத்துனன் வீட்டில்தான். அதில் ஒரு விண்வெளிச் சண்டை ஆட்டம் இருந்தது. ஒருத்தர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கப்பலை ஓட்டிச் சுட வேண்டும். கவசத்துக்கு எவ்வளவு மின்சாரம், துப்பாக்கிக்கு எவ்வளவு, ஓட்டத்துக்கு எவ்வளவு என்று கீபோர்டில் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு அது முடியாத காரியம். அதனால் இவர் ஓட்டுவார், அவன் கீபோர்டு. தினமும் சாயங்காலம் ஆனால் பைலட் அங்கே ஆஜர். "என்னைப் பொண்ணு பாக்கவா வந்தாரு? எங்க வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாக்க வந்தாரு. போற போக்குல என்னையும் கட்டிக்கிட்டாரு" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எதிரிக் கப்பல் ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று பொருந்துகிற பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிப் பார்ப்பார்கள். அழகுக்காக இல்லை. கட்டிய கப்பலைக் கையில் திருப்பித் திருப்பி, அதன் பீரங்கி எங்கெங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எட்டாது என்று கண்டுபிடிப்பதற்காக. எந்தக் கப்பலானாலும் அதற்குத் தெரியாத ஒரு மூலை இருக்கும். அந்த மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு பெரிய கப்பலும் காலி. இந்த வித்தையில் பைலட் பெரிய கில்லாடி. கப்பலைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குருட்டு மூலையைச் சொல்லிவிடுவார்.

பிறகு கல்யாணம், குழந்தை, குடும்பம் என்று காலம் ஓடிப்போனது. மைத்துனனுக்கும் அதே கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தார். மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய அறையும் மேஜையும் கம்ப்யூட்டரும் சும்மா கிடந்தன. பைலட்டுக்கு ஐம்பது வயது முடிந்த அன்று மைத்துனன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே புத்தம்புது ஜாய்ஸ்டிக். ஒரு சாக்குப்பை நிறையப் பிளாஸ்டிக் கட்டை.

"மாமா, நம்ம பழைய ஆட்டம் திரும்ப வந்திருக்கு. இப்ப உள்ள கம்ப்யூட்டர்லயும் ஓடற மாதிரி பண்ணி வச்சிருக்காங்க. ஒரு எழுத்துகூட மாத்தலை. அதே பதினோராவது களம்!"

பைலட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது வயது ஆள், நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தார். தலைவலி வந்து போய் அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

பதினோராவது களம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு மருத்துவக் கப்பல் போகும். ஆமை வேகம். கையில் ஆயுதம் கிடையாது. அதைக் கரை சேர்ப்பது உங்கள் பொறுப்பு. எதிரிகள் மூன்று முறை வருவார்கள். முதல் கூட்டம் நேர் எதிரே, இரண்டாவது வலது பக்கம் மேலே, மூன்றாவது இடது பக்கம் கீழே. அந்தக் காலத்தில் பைலட் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்த களம் அது.

இப்போது தோற்றார். முதல் இரண்டு கூட்டத்தையும் துவம்சம் செய்துவிடுகிறார். மூன்றாவது வருவதற்குள் எங்கிருந்தோ அடி விழுகிறது. திரை முழுக்கக் கறுப்பு வானம், நட்சத்திரம், அமைதி. ஒரு பூச்சிகூட இல்லை. அடுத்த நொடி கவசம் போய்விட்டது, மருத்துவக் கப்பல் வெடித்துவிட்டது. மறுபடி ஆடினார். மறுபடி அதே கதி. பத்து நாளில் முப்பது தடவை அந்தக் கப்பல் அவர் கண்ணெதிரே வெடித்தது.

தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தோன்றுமா? தோன்றவே தோன்றாது. முதலில் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்பட்டார். திருகாணியைக் கழற்றி, உள்ளே ஊதி, துடைத்து, மறுபடி மூட்டினார். பிறகு திரையைச் சந்தேகப்பட்டார். பிறகு ஆட்டத்தையே சந்தேகப்பட்டார். "புது கம்ப்யூட்டருக்கு மாத்தறேன்னு எவனோ ஆட்டத்தைக் கெடுத்து வச்சிருக்கான். எதிரி கண்ணுக்கே தெரியாம வர்றான். அந்த மூலையில இருக்கற ரேடார் பாதி நேரம் வேலையே செய்யலை" என்று மைத்துனனிடம் எகிறினார். ரேடார் இருந்தது திரையின் கீழ் இடது மூலையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனனும் வந்து கீபோர்டில் உட்கார்ந்தான்.

"மாமா, கீழ இடது! கீழ இடது!"

"எங்கடா?" பைலட் திரை நடுவில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"அட, அந்த மூலையிலேர்ந்து வர்றான் மாமா! மூணு பேர்!"

"டேய், அங்க ஒண்ணுமே இல்லைடா!"

வெடித்தது. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "வயசாயிடுச்சு மாமா உங்களுக்கு. அடுத்த களத்துக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க."

அந்தச் சிரிப்பு பைலட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆள் விடாக்கண்டர். மைத்துனன் போனபிறகு ஒரு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவக் கப்பல் எப்போது திரும்புகிறது, திரும்பியதிலிருந்து எத்தனை எண்ணினால் அடி விழுகிறது என்று குறித்தார். சரியாகப் பதினாலு. மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஆடினார். கப்பல் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டில் தன் கப்பலை இடது பக்கம் கீழே திருப்பிக் கண்ணை மூடாத குறையாகச் சுட ஆரம்பித்தார். மூன்று எதிரியும் திரை நடுவில் வந்து விழுந்து செத்தார்கள். மருத்துவக் கப்பல் கரை சேர்ந்தது.

"ஜெயிச்சாச்சு! எவன்டா சொன்னான் எனக்கு வயசாச்சுன்னு?" என்று அறை அதிரக் கத்தினார்.

அவர் செய்த பெரிய தப்பு இதுதான். அனுபவசாலிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. புதிதாக ஆடுகிறவனாக இருந்தால் தோற்றுத் தோற்று, என்னவோ சரியில்லை என்று ஒரு நாள் யோசித்திருப்பான். இவர் தெரியாத இடத்தை மனப்பாடத்தால் ஒட்டுப்போட்டுவிட்டு, தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். கிடங்கிலும் அதே கதைதான். எந்தச் சுருள் எங்கே, எந்தத் தூண் எங்கே, லாரி எங்கே வந்து நிற்கும் என்று இருபத்தாறு வருஷத்துப் பழக்கத்தில் கை தானாகப் போனது. கண் பார்க்காததைக் கை பார்த்துக்கொண்டது. சுருளும் தூணும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆட்கள் அப்படி இருப்பார்களா?

அந்த மாதம் கிடங்கில் வருஷாந்திரக் கண் பரிசோதனையும் வந்தது. ஒரு கண்ணை மூடி, சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை மளமளவென்று ஒப்பித்தார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, "சார், உங்களுக்குக் கழுகுக் கண்ணு" என்று சீட்டில் கையெழுத்து வாங்கினாள். அந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் நீட்டினார்.

மனைவி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வேலையே பார்ப்பதுதான். மருந்து பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிள் அச்சடிக்கும் இடத்தில் பிழை பார்க்கிறவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒரு மாதத்தில் மூன்று கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது. மூன்றும் இவர் இடது கை பட்டு. ஸ்கூட்டரை உள்ளே விடும்போது கேட்டின் இடது தூணில் இரண்டு முறை உரசியிருந்தார். மைத்துனன் சிரித்துக்கொண்டே சொன்ன "கீழ இடது" கதையையும் கேட்டிருந்தாள். இதையெல்லாம் அவள் மனசுக்குள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது பைலட்டுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு, பதினோராவது களத்தை அதன் மேல் அப்படியே பரப்பி வைத்திருந்தார் பைலட். எல்லாம் அவரே கட்டிய கப்பல்கள். நடுவில் வெள்ளைக் கட்டையில் மருத்துவக் கப்பல், எதிரே சாம்பல் நிறத்தில் முழ நீளத்துக்கு எதிரியின் பெரிய கப்பல், சுற்றிலும் விரல் அளவில் சின்னச் சின்னச் சிவப்புக் கப்பல்கள். மனைவி அவருக்கு இடது பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் சொல்லுங்களேன், என்ன இதுன்னு" என்றாள்.

இருபத்தைந்து வருஷத்தில் முதன்முறையாகக் கேட்கிறாள். விடுவாரா? குனிந்து பெரிய கப்பலின் வாலைக் காட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு. இதுக்கு மேல பீரங்கி, ரெண்டு பக்கமும் பீரங்கி. ஆனா வாலுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. நாம போய் அங்க ஒட்டிக்கிட்டோம்னு வை, நாம இருக்கறதே இதுக்குத் தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் கண்ணே இல்லையே."

"தெரியலைங்கறதாவது அதுக்குத் தெரியுமா?"

"அதெப்படித் தெரியும்? தெரிஞ்சா திரும்பிப் பாக்காதா?" என்று சிரித்தார். "நல்லா கேக்கறியே!"

"ஏங்க, தலையைத் திருப்பாதீங்க. அந்த வாலையே பாத்துக்கிட்டிருங்க. என் கை எங்க இருக்கு இப்ப?"

"உன் கையா? மடியில இருக்கும்."

"மேஜை மேல இல்லையே?"

"மேஜை மேல கப்பல்தானே இருக்கு. என்ன விளையாட்டு இது?"

அவர் தலையைத் திருப்பினார். மனைவியின் கை முழங்கைவரை மேஜையின் மேல் நீண்டிருந்தது. விரல் நுனியில் ஒரு சிவப்புக் கப்பல். அவர் தாடைக்கு ஒரு சாண் தள்ளி, அவ்வளவுதான். அது எப்போது அங்கே வந்தது? அவளோ பேயறைந்தவள் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தக் குட்டிக் கப்பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க பேச ஆரம்பிச்சதிலேர்ந்து இதை ஆட்டிக்கிட்டே இருக்கேங்க" என்றாள்.

அந்தக் கை பைலட்டுக்குத் தெரியவே இல்லை. அதை அவள் முன்னால் ஒத்துக்கொள்வாரா?

"நான் யோசனையில இருந்தேன். பேசிக்கிட்டிருக்கறவன் கையையும் காலையுமா பாப்பான்?"

"சரி, இன்னொரு தடவை பாருங்க. யோசிக்காம பாருங்க."

"ஒண்ணும் வேண்டாம். சீட்டு குடுத்திருக்காங்க இல்ல? கழுகுக் கண்ணுன்னு சொல்லியிருக்காங்க. நீ லேபிள்ல புள்ளி பாக்கற மாதிரி என்னைப் பாக்காதே."

"எழுத்தைப் படிக்கறது கண்ணு நடுவுலங்க. நான் ஓரத்தைக் கேக்கறேன். நாளைக்கு லீவு போடுங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"லீவா? இன்னிக்கு டாக்டர்கிட்ட போனா நாளைக்கு என்னைக் கீழ இறக்கிடுவாங்க. கீழ நான் யாரு சொல்லு? துடைப்பத்தைக் குடுத்துக் கூட்டச் சொல்லுவாங்க. அந்தக் கூண்டுல இருந்தாதான் நான் பைலட். இறங்கிட்டா வெறும் கிழவன்."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"கீழ நிக்கறவன் என் தம்பிங்க. அவனுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க. உங்க கொக்கியில எட்டு டன் தொங்குது. கிழவனா இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு? நான் கிழவியாத்தானே இருக்கேன்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றாள் கடைசியில். "நாளைக்கு மேல ஏறினதும், எதையும் தூக்கறதுக்கு முன்னால, நேரா கொக்கியைப் பாருங்க. கண்ணைத் திருப்பாம, வாக்கி டாக்கியில தம்பியைக் கேளுங்க, எங்க நிக்கறேன்னு. நீங்க நினைச்ச இடத்துல அவன் இருந்தான்னா, நான் இதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். சத்தியமா."

"அவ்வளவுதானே?" என்றார் பைலட். "எதையும் தூக்கறதுக்கு முன்னால. சரி."

திங்கள்கிழமை காலை. நாற்பத்திரண்டு படியும் ஏறி உட்கார்ந்தார். ஏறும்போதே வாக்குறுதி ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே இரண்டு லாரி வந்து காத்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கையை ஆட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் மைத்துனன் குரல் வழக்கம்போல வந்தது. "மாட்டியாச்சு மாமா. தூக்குங்க." இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் வலது கை தானாக அசையும். அசைந்தது. சுருள் கிறீச்சிட்டுக்கொண்டு தரையை விட்டு எழும்பியது. இந்த ஒன்றை வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம், என்ன இப்போது குடிமுழுகிவிட்டது என்று நினைத்தார். இடது கை லீவரைத் தள்ளியது. கிரேன் நகர ஆரம்பித்தது.

பாதி தூரம் போயிருக்கும். ஏனோ மனைவியின் கையில் ஆடிய அந்தக் கப்பல் ஞாபகத்துக்கு வந்தது. லீவரை இழுத்து நிறுத்தினார். சுருள் முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி நின்றது. கண்ணைக் கொக்கியிலேயே வைத்துக்கொண்டார். கீழே தரை காலியாக இருந்தது. சுத்தமான சிமெண்டுத் தரை. தளத்தின் கோடுகள்கூடத் தெரிந்தன. மைத்துனன் பின்னால் அந்தக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாக்கியை எடுத்தார்.

"டேய், எங்க நிக்கற நீ?"

"உங்க எதுக்கத்தான் மாமா. கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறேனே."

கொக்கியைப் பார்த்தார். தரை காலி. கண்ணை மட்டும் இடது பக்கம் கீழே இறக்கினார். மைத்துனன் நின்றான். ஆரஞ்சு உடுப்பும் தலைக்கவசமுமாக, ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு, தொங்குகிற சுருளுக்கு இரண்டே எட்டுத் தள்ளி. கண்ணைக் கொக்கிக்குக் கொண்டுபோனார். ஆள் இல்லை. கோடு போட்ட சிமெண்டுத் தரை. இறக்கினார், நின்றான். ஏற்றினார், இல்லை. இன்னொரு இரண்டு எட்டு கிரேன் போயிருந்தால்? லீவரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குக் கை தூக்கினே?"

"இந்தப் பக்கம் கடக்கணும் மாமா. அதான்."

கடக்கிறவன் கை தூக்க வேண்டும், பார்த்துவிட்டேன் என்பதற்குக் கிரேன்காரர் ஒரு ஹார்ன் அடிக்க வேண்டும். அதுதான் கிடங்கின் விதி. பைலட் யோசித்துப் பார்த்தார். கடைசியாக எப்போது ஹார்ன் அடித்தோம் என்று ஞாபகம் வரவில்லை.

"நான் ஹார்ன் அடிக்கலையே. வாக்கியில சொல்றதுக்கென்ன?"

"ஒரு மாசமா நீங்க ஹார்ன் அடிக்கறதே இல்லையே மாமா. பெரிய ஆளு, வேலை மும்முரத்துல இருப்பாரு, எல்லாத்தையும் மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருப்பாருன்னு நாங்களே பாத்து ஒதுங்கிக்கறோம்."

"நாங்கன்னா?"

"எல்லாரும்தான்."

எதிரே எட்டு டன் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பைலட் வாக்கியை மறுபடி வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"மச்சான், நான் சொல்றதைக் கேளு. எதுக்குன்னு கேக்காதே. இந்த வரிசையில இருக்கற எல்லாரையும் வெளிய அனுப்பு. நீயும் தூணுக்குப் பின்னால போ. போயிட்டுச் சொல்லு. அப்புறம் அடி அடியா நீ சொல்லச் சொல்ல இறக்கறேன். என் கண்ணை நம்பாதே."

சுருளை இறக்கக் கால் மணி நேரம் ஆனது. வழக்கமாக ஒரு நிமிஷத்து வேலை. கீழே சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. கொக்கியைக் கழற்றியாயிற்று என்று குரல் வந்ததும் பைலட் மின்சாரத்தை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்துப் பார்த்து இறங்கினார். கடைசிப் படியில் மைத்துனன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மாமா ஆச்சு? உடம்பு வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க, முதல்ல உக்காருங்க."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவருக்கு விசிறினான். விசிறும்போது அதன் மேல் பக்கம் அவர் கண்ணுக்கு நேராக வந்து வந்து போனது. ஆரஞ்சு நிறத்துக்கு நடுவில் உச்சியிலிருந்து காதுவரை இழுத்தாற்போல ஒரு பட்டைக் கோடு. மஞ்சள் பெயிண்ட். கிடங்கு முழுக்க அந்த மஞ்சள் பூசியது ஒன்றே ஒன்றுதான். பைலட் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இது என்ன?"

"அது ஒண்ணுமில்ல மாமா."

"என்னடா இது?"

மைத்துனன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் உங்க கொக்கி லேசா உரசிட்டுப் போச்சு. குனிஞ்சுட்டேன், ஒண்ணும் ஆகலை. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

பைலட் தலைக்கவசத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் கேட்டபோதும் திருப்பிக் கொடுக்கவில்லை.